மஞ்சள் பொடி பூசிய நீல விளக்கு

அன்றைக்கு இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தது மூன்று பேர்: வெளிக்கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர், எங்கள் துறைத் தலைவர், நான். இல்லாதது, எனக்கு அந்தப் பாடத்தைச் சொல்லித்தந்த இளம் விரிவுரையாளர். தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். இருந்திருந்தால் மட்டும் வாயைத் திறந்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

1999. கடைசி வருஷத்துச் செய்முறைத் தேர்வு. தேறினால்தான் அந்த வருஷமே பி.எட். சேரமுடியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான்.

"எல்.இ.டி.யில வெள்ளை வெளிச்சம் எப்படிலே வருது?" என்றார் தேர்வாளர்.

"உள்ள இருக்க சிப் நீல ஒளிதான் தரும் சார். அதுமேல ஒரு பொடி பூசியிருப்பாங்க. நீலத்துல கொஞ்சத்தை அது உறிஞ்சி மஞ்சள் ஒளியா வெளிய விடும். மிச்ச நீலமும் அந்த மஞ்சளும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளையாத் தெரியும்."

தேர்வாளர் துறைத் தலைவரைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீரா வே? மஞ்சப்பொடியாம்! குழம்பும் வைப்பான் போலிருக்கு. ஏலே, சிவப்பு, பச்சை, நீலம் மூணும் சேர்ந்தாத்தாம்லே வெள்ளை."

அப்படியும் வரும், நான் மறுக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சாவிக்கொத்து விளக்கு என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து நீட்டினேன். "அணைச்சுட்டுப் பாருங்க சார், உள்ள மஞ்சளாத் தெரியுது."

அவர் கையில் வாங்கவே இல்லை. "எனக்கே பாடம் நடத்துதியாலே?"

துறைத் தலைவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே பார்க்க ஒரு மரம்கூடக் கிடையாது.

வீட்டில் சொன்னதுதான் நான் செய்த தப்பு. அப்பா விக்கிரமசிங்கபுரத்தில் மில் தொழிலாளி. வாத்தியாரை எதிர்த்துப் பேசினால் பிள்ளைமேல்தான் குற்றம் என்பது அவருடைய சட்டம். மறுநாளும் மற்ற மாணவர்களுக்குத் தேர்வு இருந்தது. அப்பா ஷிப்டுக்குப் போகாமல், ஒரு வாழைத்தாரோடு என்னையும் இழுத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தார். செருப்பை ஆய்வக வாசலிலேயே விட்டார்.

"பிள்ளை தெரியாமப் பேசிட்டான்யா. மன்னிச்சிருங்க."

"அதை எழுதித் தரச்சொல்லும்" என்றார் தேர்வாளர். வாழைத்தாரை மட்டும் மறுக்கவில்லை.

'நான் சொன்ன பதில் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்பா பக்கத்தில் கைகட்டி நின்றார். எழுதிக் கொடுத்தால் பாஸ் போட்டுவிடுவார் என்றே இருவரும் நம்பினோம்.

ஃபெயில். முறையிடப் போனபோது துறைத் தலைவர் அந்தத் தாளையே எடுத்து மேசையில் வைத்தார். "நீயே ஒத்துக்கிட்டியேப்பா."

பி.எட். ஒரு வருஷம் தள்ளிப்போனது. மறுதேர்வில் அதே கேள்விக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒப்பித்தேன். முழு மதிப்பெண்.

அந்த மஞ்சள்பொடிப் பதிலுக்கு ஆன செலவு: மறுதேர்வுக் கட்டணம், அப்பாவின் ஒருநாள் கூலி, வாழைத்தார், பஸ் எல்லாம் சேர்த்து முந்நூற்றுப் பத்து ரூபாய்.