கிழக்கு பார்த்த சீட்டு

எங்க ஆபீஸ் கும்பகோணத்துல ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடி. நாலு சீட்டு, ஒரு ஏசி, அந்த ஏசியும் முதலாளி ரூம்ல. நாலு சீட்டுல என்னோடது மட்டும்தான் கிழக்கு பார்த்தது. அதுவே எனக்கு எமனாகும்னு உட்கார்ந்த அன்னிக்கு யாரும் சொல்லல.

வெளிநாட்டுல ஒரே ஒரு கம்பெனி, அதுதான் எங்க எல்லாருக்கும் சோறு போட்டுது. அங்க நிறையப் பேர் சேர்ந்து ஒரு சாஃப்ட்வேர் எழுதுவாங்க. யாராவது ஒரு வரியை மாத்தினாலும், உடனே எல்லாத்தையும் கோத்து ஓட்டிப் பார்த்து, தேறிச்சா இல்லையான்னு சொல்ற பில்டு சர்வர் ஒண்ணு உண்டு. அதைக் கட்டி மேய்க்கிறது என் வேலை. எப்போ ஓடுச்சு, யார் மாத்தினது, தேறிச்சா, எல்லாம் டேட்டாபேஸ்ல டேபிள் டேபிளா இருக்கும். அந்த சர்வருக்குப் புது வெர்ஷன் வந்துச்சு. புதுசு அந்த டேபிளையெல்லாம் வேற மாதிரி பிரிச்சுக் கேட்டுது. பழசுல ஒண்ணும் சிந்தாம புது அமைப்புக்கு மாத்தணும். வீடு மாத்துற மாதிரிதான், சாமானை எறக்கி வைக்கத்தான் இடம் கிடையாது.

இதை ஒழுங்கா முடிச்சா என்னை ஆறு மாசம் அங்கயே கூப்பிட்டுக்கறதா அந்தக் கம்பெனி மேனேஜர் அம்மா போன்ல சொல்லியிருந்தாங்க. எங்கப்பாவுக்குக் கால் தரையில படல. ஆத்துல தண்ணி வராம குறுவையைத் தொலைச்ச மனுஷன். என் பாஸ்போர்ட்டை மாதா படத்துக்கு முன்னாடி வெச்சு, ஜெபம் முடிஞ்சதும் தினமும் அதைத் தொட்டு முத்தம் குடுப்பார். எனக்குச் சிரிப்பா வரும். உள்ளூர எனக்கும் அதே வெறிதான்.

அங்க ராத்திரியில எல்லா ஓட்டத்தையும் நிறுத்திட்டு எங்ககிட்ட குடுக்கிற நேரம், நம்மூர்ல வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. முதல்ல எல்லா டேபிளையும் அப்படியே காப்பி எடுத்து வைக்கணும், அப்புறம்தான் டேபிள்ல கை வைக்கணும். எல்.கே.ஜி. பாடம் இது. முதலாளி காலண்டரைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பத்தரையிலேருந்து பன்னிரண்டு ராகு காலம். போச்சுடான்னு நினைச்சுக்கிட்டேன்.

நல்ல நேரத்துல ஊருக்குக் கிளம்ப முடியலைன்னா, பெட்டியை மட்டும் முன்கூட்டி நல்ல நேரத்துல தூக்கிட்டுப் போய் வேற இடத்துல வெச்சுட்டு வருவாங்க. பரஸ்தானம்னு பேரு. பெட்டி நகர்ந்துட்டா ஆளும் கிளம்பிட்ட மாதிரி. அதையே டேட்டாபேஸுக்கும் பண்ணிடணும்னு முதலாளி முடிவு பண்ணிட்டார். பத்து மணிக்கு ஒரே ஒரு டேபிளை மாத்திட்டா போதுமாம், மீதியை அப்புறம் சாவகாசமா பார்த்துக்கலாமாம்.

அப்படிச் செஞ்சா பதினொரு மணிக்கு எடுக்கிற காப்பி பாதி பழசு, பாதி புதுசுன்னு ரெண்டுங்கெட்டானா இருக்கும், ஏதாவது ஆச்சுன்னா திரும்பிப் போக வழியே இருக்காதுன்னு சொன்னேன். அந்த மேனேஜர் அம்மாவைக் கேட்டுக்கலாம், போனைக் குடுங்க சார்னு கெஞ்சினேன். பொறுமையா கேட்டுக்கிட்டார்.

"உங்க வேதக்காரங்களுக்கு நேரம் காலமெல்லாம் ஏதும்மா? எந்திரி."

அவர் சம்சாரத்தோட தம்பி எங்ககூட வேலை பார்த்தார், பேருக்கு டீம் லீடர். கிழக்கு பார்த்து உட்காரணும்னு அவரை என் சீட்டுல உட்கார வெச்சாங்க. மானிட்டருக்கு ஒரு முழம் மல்லிப்பூ. கம்ப்யூட்டர் என் பேர்ல திறந்திருந்துச்சு. சூடம் காட்டி முடிச்சதும் மச்சினர் என்டரைத் தட்டினார். எல்லாருக்கும் கேசரி வந்துச்சு.

பதினொரு மணிக்குக் காப்பி எடுத்துட்டு மீதி டேபிளை மாத்த ஆரம்பிச்சேன். மத்தியானம் எல்லாம் பாதியில நின்னு போச்சு. காப்பியைத் திருப்பி ஏத்தினா, பழைய வெர்ஷனும் அதைச் சீந்தல, புதுசும் சீந்தல. நல்லவேளை, முந்தின நாள் காப்பி ஒண்ணு கிடந்துச்சு. அதை ஏத்தி சர்வரை எழுப்பினேன். ஆனா நடுவுல இருந்த ஒரு நாள் போனது போனதுதான். அந்த ஒரு நாள்லதான் அவங்க தங்களோட பெரிய வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டியதைச் சோதிச்சு முடிச்சிருந்தாங்க.

அந்தம்மா ஸ்பீக்கர்ல வந்தாங்க. காப்பிக்கு முன்னாடியே டேபிளைத் தொட்டது யாருன்னு கேட்டாங்க. சின்னப் பொண்ணு, ஆர்வக்கோளாறுல அவசரப்பட்டுடுச்சுன்னு முதலாளி வழுவழுன்னு இங்கிலீஷ்ல சொன்னார். நான் வாயைத் திறந்தேன். தொடக்கூடாதுன்னு சொன்னதே நான்தான், தட்டினது நான் இல்லைன்னேன். அந்தம்மா கத்தல. யார் என்ன பண்ணினாங்கன்னு பதிவாகுற லாக்ல உன் பேர்தானே இருக்குன்னாங்க, அவ்வளவுதான். மச்சினர் ஜன்னல் வழியா தெருவை வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்தார்.

போனை வெச்சதும் முதலாளி என் பக்கம் திரும்பினார். "விடும்மா. கல்யாணம் ஆகப்போற பொண்ணு, அங்க தனியா போய் என்ன பண்ணப்போற?" சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். இன்னிக்கு நினைச்சாலும் வயிறு எரியுது.

அப்பா பாஸ்போர்ட்டை எடுத்து பீரோவுல துணிக்கு அடியில வெச்சார்.

அடுத்த தடவை சனிக்கிழமை குடுத்தாங்க. பதினொரு மணிக்கு ராகு காலம் முடிஞ்சிருந்ததால யாரும் குறுக்க வரல. காப்பி எடுத்து, மாத்தி, சரி பார்த்து, ஒரு வரி சிந்தாம நானே முடிச்சேன். முதலாளி அனுப்பின மெயில்ல முடிச்சவர் மச்சினர். ஆறு மாசமும் அவருக்கே போச்சு.

அவர் கிளம்புறதுக்கு முந்தின நாள் காலையில, பெரிய சூட்கேஸ் ஒண்ணைத் தூக்கிக்கிட்டு முதலாளியே படியேறி வந்தார். பயண நேரம் சரியில்லையாம், பரஸ்தானம் வைக்கணுமாம். நேரா என்கிட்ட வந்தார்.

"காலைக் கொஞ்சம் நகத்திக்கம்மா. உன் சீட்டுதான் கிழக்கு பார்த்தது."

நகத்திக்கிட்டேன். பெட்டி நாள் முழுக்க என் முழங்கால்ல இடிச்சுக்கிட்டே நின்னுச்சு. அதுக்குப் பக்கத்துல உட்கார்ந்து, மச்சினர் அங்க போய்ப் பாடம் எடுக்கறதுக்காக, டேபிளை எப்படி மாத்தணும்னு நான் டைப் அடிச்சுக் குடுத்தேன். காப்பி எடுக்காம எதையும் தொடாதீங்கன்னு ஆரம்பிச்சேன்.