இன்விடேஷன் என்று வந்தால்

கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி, வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன், எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். ‘இன்விடேஷன்’ என்ற தலைப்பில் எது வந்தாலும் திறக்காதீர்கள், அது வைரஸ், தெரிந்தவர்கள் பெயரிலேயே வரும், திறந்தால் கம்ப்யூட்டரில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்று அதில் இருந்தது. உடனே எல்லோருக்கும் அனுப்பச் சொல்லியிருந்தது. நான் பதினெட்டுப் பேருக்கு அனுப்பினேன்.

அடுத்த மாதம் புதுக்கோட்டையில் அவன் மகளுக்குக் கல்யாணம். நாள் தெரியும், பத்திரிகை வரவில்லை. எங்கள் பக்கம் பங்காளி வீட்டுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்து பத்திரிகை வைக்க வேண்டும். வைக்காத கல்யாணத்துக்குப் போவதில்லை; கேட்டு வாங்குவதும் இல்லை. முட்டி ஆபரேஷன் ஆனவன், ஆளையாவது அனுப்புவான் என்று இருந்தேன்.

முகூர்த்தத்தன்று காலையில் சட்டையை மாட்டினேன். பிறகு கழற்றிவிட்டேன். கறம்பக்குடி வீட்டில் நான் ஒருவன்தான். வாசலில் புதுக்கோட்டை பஸ்கள் ஒன்பது போயின. கோபம் வரும் என்று நினைத்தேன், அதுவும் வரவில்லை.

சாயங்காலம் தம்பி போன் செய்தான்.

“பெரியப்பா எங்கன்னு புள்ள கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் என்னண்ணே சொல்லுவேன்?”

“பத்திரிகை வைக்கலையேப்பா.”

“இந்த முட்டிய வச்சுக்கிட்டு தட்டத் தூக்கிட்டு எப்புடி வாரது? போன்ல கூப்புட்டா கொறச்சலா நெனைப்பீங்கன்னு பத்திரிகையவே மெயில்ல அனுப்புனேனே.”

“என்ன தலைப்புல?”



“இன்விடேஷன்னு.”

“நீதான தொறக்காதீங்கன்ன. அழிச்சுட்டேன்.”

“அனுப்புனது யாருன்னு பாக்க வேணாமாண்ணே?”

“தெரிஞ்சவங்க பேர்லதான் வரும்னும் நீதான அனுப்பிச்ச.”

போனை வைத்துவிட்டான்.

அந்த எச்சரிக்கையை மறுபடி படித்தேன். ‘நேற்று அறிவித்தார்கள்’ என்று இருந்தது. எந்தத் தேதிக்கு நேற்று என்று இல்லை. அறிவித்தது யார் என்றும் இல்லை. ‘எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்பது மட்டும் ஐந்து இடத்தில். தலைப்புக்கு முன்னால் ‘ஃபார்வர்டு’ என்ற குறி ஏழு. ஏழு கை மாறி வந்திருக்கிறது, யாரும் விசாரிக்கவில்லை. எட்டாவது கை என்னுடையது.

அழித்த மின்னஞ்சல்கள் குப்பைத் தொட்டியில் ஒரு மாதம் கிடக்கும் என்பது நினைவுக்கு வந்தது. தம்பி அனுப்பியதை எடுத்துத் திறந்தேன். மஞ்சள் பத்திரிகை. சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்தும்படி அழைக்கிறவர் என்ற இடத்தில் தம்பியின் பெயர் இல்லை. என் பெயர்தான் இருந்தது.