குறுக்கே வராத மாடு

அன்றைக்கு மாடு எதுவும் குறுக்கே வரவில்லை. இதைப் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னேன், கம்பெனியில் சொன்னேன், வீட்டில் சொன்னேன். இங்கேயும் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

திருப்பூரில் ஏற்றுமதிக்குப் பனியன் தைக்கும் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். தைத்து வரும் துணியில் பழுது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை. வீடு காங்கேயம் சாலையில், ஊரைத் தாண்டி. கம்பெனி வேனில்தான் போக வர. வேனில் எல்லோரும் பெண்கள், டிரைவரைத் தவிர.

டிரைவர் முதலாளிக்குத் தூரத்துப் பங்காளி. ஐம்பதைத் தாண்டியவர். அவரைப் போல இனிமையாகப் பேசுகிற மனிதரை நான் பார்த்ததில்லை. எல்லோரும் அவருக்குக் கண்ணு, சாமி, அம்மணிதான். யார் வீட்டில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் கூப்பிட்டவுடன் வந்து நிற்பார். என் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். இப்படி வேனில் இருந்த ஒவ்வொருத்திக்கும் அவரிடம் ஒரு நன்றிக்கடன் இருந்தது.

அவர் குடிப்பார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஆரம்பித்துவிடுவார். சாயங்காலம் வேனில் ஏறினால் அந்த வாடை முகத்தில் அடிக்கும். அதற்கு நாங்கள் செய்த ஏற்பாடு என்ன தெரியுமா? முன்சீட்டில் உட்காராமல் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வது. ஜன்னலைத் திறந்துவைப்பது. அவர் மனம் கோணாதபடி, காற்று வேண்டும் என்று சொல்லிக்கொள்வது. நான் ஒருநாள் மேனேஜரிடம் போய், இந்த ஆள் ஒருநாள் எங்களைக் கொல்லப்போகிறார் என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நான் பக்குவமா சொல்லிக்கறேனுங்க. வயசுல பெரியவரு, மொகத்துக்கு நேரா கேட்டா மனசு ஒடிஞ்சு போயிருவாருங்க" என்றார். அந்தப் பக்குவம் கடைசிவரை வரவேயில்லை. டிரைவரிடம் நானே கேட்டபோது, இன்றைக்கு மட்டும்தான் அம்மணி என்று சிரித்தார். வேனில் இருந்தவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள்.

எங்களோடு ஒரு பிலிப்பைன்ஸ்காரப் பெண்ணும் வந்துகொண்டிருந்தாள். தையல் லைன்களைச் சீர்படுத்தச் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்த டெக்னீஷியன். தனிக் கார் தருகிறோம் என்றபோது வேண்டாம் என்று எங்கள் வேனில் ஏறிக்கொண்டவள். என்னை 'அக்கா' என்பாள். 'சரிங்க', 'பரவால்லீங்க' இரண்டையும் எங்களைவிட அழகாகச் சொல்வாள்.

அன்று சாயங்காலம் நல்ல வெளிச்சம். சாலை நேராக, காலியாகக் கிடந்தது. நானும் அவளும் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவர் தலை மெல்லச் சரிவதைக் கண்ணாடியில் பார்த்தேன். கத்தினேன். அதற்குள் வேன் இடதுபக்கம் ஒதுங்கி, சிறுபாலத்தின் சுவரை உரசிக்கொண்டே போய் நின்றது. இடப்பக்க ஜன்னலோரம் இருந்த பெண்ணின் கை வெளியே இருந்தது.

அவள் சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த டெய்லர். ஓவர்லாக் மிஷினில் அவள் வேகத்துக்கு யாரும் கிடையாது. ஓடுகிற ஊசிக்கு முன்னால் துணியை வளைத்துக் கொடுப்பது இடது கை. அந்தக் கைதான் நசுங்கியது.

அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தபோது டிரைவரின் மைத்துனர் காரில் வந்தார். நெஞ்சு வலி என்று சொல்லி டிரைவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். எந்த ஆஸ்பத்திரிக்கும் அல்ல, வீட்டுக்கு. போலீஸ் வருவதற்குள் ஒரு குரல், யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, "மாடு குறுக்க வந்துருச்சுங்க" என்றது. அடுத்தவளும் ஆமாங்க என்றாள். அடுத்தவளும். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. கூடிப் பேசாமலே பொய் சொல்லும் அளவுக்கு நாங்கள் பழகியிருந்தோம்.

மறுநாள் ஸ்டேஷனில், மாடு எதுவும் வரவில்லை, அவர் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார் என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் மரியாதையாகப் பேனாவை மூடினார். "ஏனுங்க, அத்தன பேரும் மாடுங்கறாங்க. நீங்க மட்டும் இல்லீங்கறீங்க. இன்னொருக்கா நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றார். பிலிப்பைன்ஸ்காரப் பெண் தான் தூங்கிவிட்டதாகச் சொல்லியிருந்தாள்.

கம்பெனியில் மாடு வளர ஆரம்பித்தது. முதலில் வெறும் மாடு. பிறகு செவலை மாடு. பிறகு பக்கத்தில் கன்றுக்குட்டி. கேன்டீனில் ஒருத்தி, வாயில்லா ஜீவனைக் காப்பாற்றப் போய்த்தானே அண்ணனுக்கு இந்தக் கஷ்டம் என்று கண்ணைத் துடைத்தாள். அவளும் அந்த வேனில் இருந்தவள். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். இல்லாவிட்டால் அன்று யாரையாவது அடித்திருப்பேன்.

டெய்லர் பெண்ணைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளும் மாடு என்றே போலீஸிடம் சொல்லியிருந்தாள். கட்டுப்போட்ட கை நெஞ்சின் மேல் கிடந்தது. உன் கையை இப்படிப் பண்ணினவருக்காக நீயே பொய் சொல்லலாமா என்று கேட்டேன். அவள் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சிரித்தாள். "நாங்க ஒண்ணுமில்லாம வந்து நின்னப்ப ஊடு பாத்துக் குடுத்தது அவுகதான்க்கா. மகளுக்குக் கல்யாணம் வேற வச்சிருக்காக. நான் போயி அவுக பேரக் கெடுக்கலாமா?" இங்கே வந்து அவள் கற்றுக்கொண்ட 'ஊடு' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் ஊர் அவளுக்கு அந்தச் சொல்லோடு இந்தப் பொய்யையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிட்டது.

மறுநாள் பிலிப்பைன்ஸ்காரப் பெண்ணைச் சாம்பிள் அறையில் பிடித்தேன். என்னோடு பேசிக்கொண்டே எப்படித் தூங்கினாய் என்று கேட்டேன். அவள் முதலில் 'பரவால்லீங்க' என்றாள். அந்தச் சொல்லை இனி என்னிடம் சொல்லாதே என்று கத்திவிட்டேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, இங்கிலீஷும் தமிழும் கலந்து சொல்ல ஆரம்பித்தாள்.

அவள் ஊரில் புயலுக்குப் பிறகு நிவாரண அரிசி வந்ததாம். அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர் அவளுக்கு ஞானத்தகப்பன், ஞானஸ்நானத்தின்போது அவளைக் கையில் ஏந்தியவர். பாதி அரிசியை அவர் வெளியே விற்றுவிட்டார். தெருவுக்கே தெரியும். ஆனால் அவளுடைய அண்ணனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். பக்கத்து வீட்டுக்காரனுக்குப் படகு வாங்க ஜாமீன் நின்றவரும் அவர்தான். திருவிழா அன்று எல்லோரும் அவர் வீட்டிலேயே போய்ச் சாப்பிட்டார்கள். அரிசி கிடைக்காதவர்களும். அவளுடைய அம்மா முதல் பந்தியில். பெற்ற உதவி உள்ளுக்குள் கடனாகக் கிடப்பதற்கு அவர்கள் மொழியில் ஒரு சொல் உண்டாம். நாலு பேரோடு ஒத்துப்போவதற்கு ஒரு சொல். முகத்துக்கு நேரே பேசக் கூசுவதற்கு ஒரு சொல். மூன்றும் நல்ல சொற்கள்தான், அவை இல்லாவிட்டால் புயலில் நாங்கள் செத்திருப்போம் என்றாள். ஆனால் அந்த மூன்றையும் பிடித்துக்கொண்டே எங்கள் ஆட்கள் திருடனுக்குக் காவல் நிற்பார்கள் என்றாள்.

அந்தக் கோபத்தில்தான் ஊரைவிட்டே கிளம்பி வந்திருக்கிறாள். "இங்க வந்தும் அதே செஞ்சேன் அக்கா" என்று முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கு அவளைத் தேற்றத் தோன்றவில்லை. வா, ஸ்டேஷனுக்குப் போவோம் என்றேன். வந்தாள். உடைந்த தமிழில், மாடு இல்லை, நான் தூங்கவில்லை, பயந்தேன் என்று சொன்னாள். இரண்டு பேர் சொன்னபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அஜாக்கிரதையாக ஓட்டியதாக வழக்குப் பதிந்தார்கள். லைசென்ஸைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள். குடித்திருந்தார் என்பதை நிரூபிக்க வழியில்லை. அவரை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனதே அதற்குத்தானே.

என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அக்கா என்றவர்கள் மேடம் என்றார்கள். வேனில் ஏறினால் எழுந்து இடம் விட்டார்கள். பேச்சு நின்றுவிடும். வீட்டில் என் கணவர், அம்மாவைக் காப்பாற்றின மனுஷனுக்கு இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கும் வலித்தது. ஆனால் அம்மாவைக் காப்பாற்றியதற்கு நான் தரவேண்டிய விலை இன்னொருத்தியின் கையா? அதை நான் எப்படித் தருவது?

கடைசியில் அவர் வீட்டுக்கே போனேன். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை. டிரைவர் மெலிந்துபோயிருந்தார். என்னைப் பார்த்ததும் அவரே, மாடு குறுக்க வந்துருச்சு சாமி என்று ஆரம்பித்தார்.

"மாடு வரலீங்க. நீங்க தூங்கிட்டீங்க" என்றேன்.

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரும் மாடுன்னாங்க கண்ணு. நானும் அப்படித்தான் போலிருக்குன்னு இருந்துட்டேன். ஏண்டா குடிச்சுப்போட்டு வண்டிய எடுக்கறீன்னு என்ற மொகத்தப் பாத்து ஒருத்தராச்சும் கேட்டிருக்கலாமுங்க."

நான் கேட்டேனுங்களே என்றேன். அவருக்கு அது நினைவில்லை. அவர் அழுதபோது எனக்கு இரக்கமும் வந்தது, அதைவிடப் பெரிதாக ஆத்திரமும் வந்தது. குடித்தது அவர். அதற்கும் நாங்களே பொறுப்பா? ஆனால் அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. நாங்கள் அவர்மேல் வைத்திருந்த மரியாதையெல்லாம் சேர்ந்து அவரை ஒரு நாளும் நிதானமாக வண்டி ஓட்டவைக்கவில்லை. அவரைத் திருத்த வேண்டிய இடத்தில் நாங்கள் ஜன்னலைத் திறந்துவைத்தோம்.

டெய்லர் பெண்ணைப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். சரிங்க என்றார். போகவில்லை. மகள் கல்யாணம் சிறப்பாக நடந்ததாகச் சொன்னார்கள். டெய்லர் பெண் கட்டோடு போய் மொய் வைத்துவிட்டு வந்தாள்.

அவள் கை முழுதாகக் குணமாகவில்லை. மூன்று விரல்கள் மடங்காது. இப்போது என் பிரிவில் தைத்த பீஸ்களில் தொங்கும் நூலை வெட்டுகிறாள், ஒரு கையால் பிடித்து மறு கையால் வெட்ட முடியாமல் மேஜைமேல் அழுத்திக்கொண்டு. ஓவர்லாக் மிஷின்கள் ஓடும் சத்தம் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டேயிருக்கும். அவள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒப்பந்தம் முடிந்து வேறு நாட்டுக்குப் போய்விட்டாள்.

வேனுக்குப் புது டிரைவர் வந்திருக்கிறார். குடிப்பதில்லை, நல்லவர். போன வாரம் ஒரு கையில் போனை வைத்துப் பேசிக்கொண்டே பஸ்ஸை முந்தினார். எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தி கண்ணை மூடி முருகா என்றாள். நான் முன்னால் போய், "போனை வைங்க, இல்லீன்னா வண்டிய ஓரங்கட்டுங்க" என்றேன். அவர் வைத்துவிட்டார். இடத்துக்குத் திரும்பியபோது பக்கத்தில் இருந்தவள் என் காதருகே குனிந்து, "பாவமுங் மேடம், அவிய ஊட்டுல என்ன அவசரமோ, இத்தன பேருக்கு முன்னால சொல்லோணுங்களா" என்றாள்.

சொல்லோணும் என்றேன். வேன் முழுக்கக் கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.