சேம் சைடு போட்டவனுக்குச் சிறந்த வீரர் கப்

கீரமங்கலத்தில் வருடா வருடம் கோடை விடுமுறையில் எங்கள் கால்பந்துப் போட்டி நடக்கும். முடிவில் சிறந்த வீரருக்கு ஒரு கப். யாருக்கு என்பதைச் சுற்றுவட்டாரப் பத்திரிகை நிருபர்கள்தான் ஓட்டுப் போட்டுச் சொல்வார்கள். எதிர்த்து யாரும் வாய் திறப்பதில்லை. பேப்பரில் பேர் வர வேண்டுமே!

போன வருடம் அந்தக் கப் மேல் என் தங்கை வீட்டுக்காரர் உயிரையே வைத்திருந்தார். எங்கள் அணிக்குக் கோல்கீப்பர் அவர். சவுதிக்கு விசா வந்துவிட்டது. "ஒரு தடவையாச்சும் வாங்கிட்டுப் போயிரணும் மச்சான்" என்று சொல்லிச் சொல்லியே பாய்ந்து பந்தைப் பிடித்தார். முழங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்தன. கடைசி ஆட்டம் வரை ஜெயித்தது அவர் புண்ணியத்தில்தான்.

நான் அவருக்கு முன்னால் நின்று பந்தைத் தடுக்க வேண்டிய பேக். என்னால் உபத்திரவம்தான். தடுக்கிறேன் பேர்வழி என்று காலை நீட்டி, மூன்று ஆட்டங்களில் எங்கள் கோலுக்குள்ளேயே பந்தை அடித்து வைத்தேன். சேம் சைடு.

நிருபர்கள் அந்த வெயிலில் மைதானத்துக்கா வருவார்கள்? சாயங்காலம் மைக் பிடிக்கிறவருக்குப் போன் போட்டு, "இன்னிக்கு யாருங்க கோலு?" என்பார்கள். அவரும் பந்தல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டே பெயர்களை மட்டும் அடுக்குவார். எந்தப் பக்கத்துக் கோல் என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அடிக்கடி காதில் விழுந்த பெயருக்கு ஓட்டைப் போட்டுவிட்டார்கள்.

பரிசளிப்பு விழாவுக்குப் போனால், மேடை ப்ளெக்ஸில் ஆளுயரத்துக்கு நான்! 'கோல் மன்னன்' என்று பட்டம் வேறு. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம்தான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். குனிந்து செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். நேரே மேடையேறினேன்.

மைக்கைப் பிடுங்கினேன். "ஐயா, நான் போட்ட மூணும் எங்க கோலுக்குள்ளதான் போச்சு. எதுத்த டீமு வேணா எனக்குக் கப்பு குடுக்கட்டும்!"

மூத்த நிருபருக்கு வியர்த்துவிட்டது. "ப்ளெக்ஸ் அடிச்சாச்சேப்பா" என்று முனகினார். ஆனாலும் மனுஷர் மழுப்பவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க, யாரு நல்லா வெளையாண்டா?" என்றார். "கீப்பரு!" என்று மைதானமே கத்தியது. நிருபர்கள் மேடையிலேயே கை தூக்கி மறுபடி ஓட்டுப் போட்டார்கள். மாப்பிள்ளை கப்பை வாங்கி, என் ப்ளெக்ஸ் முகத்துக்கு முன்னால் நின்றே போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் பயணம். திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டி எடை கூடிவிட்டதென்று வாசலுக்குத் திரும்பி வந்தார். தங்கை பார்த்துப் பார்த்துப் போட்ட மாங்காய் ஊறுகாயை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அந்தக் கப்பைக் குடுத்துட்டுப் போங்களேன், நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்றாள் தங்கை.

"ஊறுகா அங்கிட்டுக் கடையிலயே கெடைக்கும்" என்று அவர் பெட்டியை மூடினார்.

அவள் முறைத்த முறைப்புக்கு நானாக இருந்தால் கப்பைக் கொடுத்திருப்பேன். அவர் கொடுக்கவில்லை.