வால்வை மூடிய ஞாயிற்றுக்கிழமை

பிரேக் தீய்ந்த வாடை எப்படி இருக்கும் என்று தொப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகினாற்போல... மூன்று வருடத்துக்கு முன்பு அந்த வாடையில்தான் எனக்குப் பொழுது விடியும்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவின் சாப்பாட்டுக் கடையில் இருந்தேன். மலை இறக்கத்தில், ரோட்டோரம். தகரக் கூரை, நாலு பெஞ்ச், ஒரு தோசைக்கல். அப்பா போர்வெல் வண்டியில் வடக்கே போனால் திரும்பி வர மாதக் கணக்காகும்.

கடைக்கு முன்னால் ஒரு கம்பம். அதன் உச்சியில் கட்டிய பைப்பிலிருந்து தண்ணீர் குடை மாதிரி விரிந்து விழும். மேல் வளைவில் வரும்போதே லாரிக்காரர்களுக்கு அது தெரியும். தண்ணீர் தெரிந்தால் கடை இருக்கிறது, ஓரங்கட்டி சக்கரத்தை ஆற வைக்கலாம், சாப்பிடலாம். தெரியாவிட்டால் நிற்காமல் போய்விடுவார்கள். எங்களுக்கு வேறு போர்டு கிடையாது.

அந்த வால்வைத் திறப்பது என் வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் பிடித்த வேலை. "பாப்பா, இன்னொரு தோசை" என்று யாராவது கேட்டாலே தலையைக் குனிந்துகொள்கிற ஆள் நான்.

அம்மாவுக்கு வாரம் ஏழு நாளும் அடுப்புதான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊருக்குள் எங்கள் ஜெபவீடு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பாட்டுச் சத்தம் காற்றில் வந்து வந்து போகும். அம்மா கரண்டியைப் பிடித்தபடியே உதட்டை அசைப்பாள்.

"அடுத்த வாரம் போலாம் பாப்பா" என்பாள்.

அந்த அடுத்த வாரம் ஒன்றரை வருடமாக வரவில்லை. ஒரு நாள் மூடினால் டிரைவர்கள் வேறு கடைக்குப் பழகிவிடுவார்கள் என்று பயம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், தோசைக்கல் முன்னால் நின்றபடியே அம்மா கண் அசந்துவிட்டாள். சாயும்போது ஊன்றிய வலது கை கல்லின் மேலேயே... கத்தக்கூட இல்லை. கையைத் தண்ணீரில் முக்கி, துணியைச் சுற்றிக்கொண்டு, இடது கையால் அடுத்த தோசையைத் திருப்பினாள்.

அடுத்த தடவை அது எண்ணெய்ச் சட்டியாக இருந்தால்?

மறுநாள் ஞாயிறு. "இன்னைக்கு மூடும்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்பது மணிக்கு, அம்மா உள்ளே சட்னி அரைக்கும்போது, வால்வை மூடினேன். கூட்டம் வராவிட்டால் சபைக்குப் போகலாம் என்று அவளே சொல்வாள் என நினைத்தேன்.

வண்டிகள் நிற்காமல் போயின. அம்மா எட்டிப் பார்த்து, என்ன இது, ஒருத்தரையும் காணோமே என்றாள். நான் துலக்கிய பாத்திரத்தையே திரும்பத் துலக்கினேன்.

அப்போது அந்த வாடை வந்தது. எப்போதையும்விடக் காட்டமாக.

கல் லோடு லாரி. எங்கள் கடையில் வழக்கமாக நிறுத்தும் ஓசூர்ப் பக்கத்து சென்னப்பா அண்ணனுடையது. பின் சக்கரங்களில் புகை. ஹாரனை விடாமல் அடித்தபடி கடையைத் தாண்டி இறங்கி, வளைவில் மறைந்துவிட்டது.

அம்மா கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னை.

அந்த ரோட்டில் என்னென்ன சத்தம் கேட்டிருக்கிறோம்... அப்படி ஒன்று இப்போது வரப்போகிறது என்று இருவரும் அசையாமல் நின்றோம். "ஆண்டவரே" என்பதற்கு மேல் எனக்கு ஜெபம் வரவில்லை.

சத்தம் வரவில்லை. ஆளும் வரவில்லை. அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடப் போன நேரத்தில், காலி கேனோடு அண்ணன் ஏறி வந்தார். சட்டை முழுக்க வேர்வை.

"ஏனக்கா, கடை இல்லையா? மேல இருந்து பாத்தா தண்ணி காணோம். கீழ போயி நிறுத்திக்கலாம்னு வுட்டேன். அப்புறம் பிரேக்கே புடிக்கல. மண்ணு மேட்டுல ஏத்தித்தான் நிறுத்துனேன்."

"நான்தாங்கண்ணா மூடுனேன்" என்றேன். "அம்மா ஒரு நாளாச்சும் சபைக்குப் போவணும்னு... கை வெந்துபோச்சுங்க."

வெளி ஆளிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

அவர் அம்மாவின் கையைப் பார்த்தார். கோபத்தில் இருந்தவர் கேனைக் கீழே வைத்தார்.

"நல்லா செஞ்ச போ. உங்கம்மாவ சபைக்கு அனுப்பறேன்னு என்னை ஆண்டவர்கிட்டயே அனுப்பப் பாத்தியே." பிறகு அம்மாவிடம், "எங்களுக்குத் தண்ணி இருந்தா போதுங்கக்கா. ஒரு நாளு சோத்த சேலத்துல தின்னுக்கறோம். திங்கக்கெழம இங்கதான வந்தாவணும்?"

அம்மா துணி சுற்றிய கையாலேயே வால்வைத் திறந்தாள். உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.

நாங்கள் போனபோது பிரசங்கம் பாதி முடிந்திருந்தது. சுவரோரம் உட்கார்ந்த அம்மா ஐந்தாவது நிமிடத்தில் தூங்கிவிட்டாள். நான் தட்டி எழுப்பப் போனேன். பாஸ்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு மைக்கை அணைத்தார். கடைசிப் பாட்டை எல்லோரும் மெதுவாகப் பாடினார்கள். ஆமென் சொல்லியும் அம்மா எழவில்லை. அதற்கு முன்பு அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை... இறக்கம் முடிந்து நின்ற வண்டி மாதிரி.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அடுப்பு கிடையாது. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருக்கும். யார் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது கடை பெரிதாகிவிட்டது. வேலைக்கு இரண்டு அக்காக்கள் இருக்கிறார்கள். பார்சல் ஆர்டரெல்லாம் என் போனில்தான் வருகிறது, அடுப்பில்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் மறுநாளைக்கென்று. பேசாமல் டைப் செய்தால் போதும் என்று நான்தான் ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்டேன். ஒரு தடவை பதில் போடாவிட்டால் வேறு கடையில் கேட்டுக்கொள்வார்களோ என்று இப்போது பயப்படுவதும் நான்தான்.

சபையில் ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னால் இன்றும் எழுந்திருக்க மாட்டேன். அதனால் இதை எழுதுகிறேன்.

போன வாரம் ஜெப நேரத்தில் மடியில் போன் அதிர்ந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை... துப்பட்டாவுக்குள் மறைத்து மெசேஜைத் திறந்தேன். அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. வலது கையை நீட்டி என் போன் மேல் வைத்தாள். உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் வழவழவென்று இருக்கிறது.

போன் மறுபடி அதிர்ந்தது. அம்மா கையை எடுக்கவில்லை. நானும் இழுக்கவில்லை.