அக்கா தேடிய வெள்ளக் கோடு

அக்காவுக்கு முதலாம் ஆண்டுத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் இந்த நாளில், இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிடுகிறேன். அக்கா சாக்கடை வெட்டும் அலுவலகத்தில் இருந்தார் என்றே நம் சொந்தத்தில் பாதிப் பேர் கடைசிவரை நினைத்திருந்தார்கள். கல்யாண வீட்டில் அக்காவைப் பிடித்து, வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டது, ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டவர்களும் உண்டு. அக்கா சிரித்துக்கொண்டே நகராண்மைக் கழகத்து எண்ணைக் கொடுத்து அனுப்புவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா வடிகால் பொறியாளர். பெருமழை பெய்தால் தாழ்வான ஊர்களில் தண்ணீர் எந்த மட்டம்வரை ஏறும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, கால்வாய்க் கரை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. அந்த மட்டம் குறைந்துபோனால் ஊர் முழுகும்.

பாரிட் புந்தாருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அக்கா. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே அப்பா காலமானார். அம்மா அப்பாவின் நிரையில் இருந்த ரப்பர் மரங்களையும் சேர்த்துப் பால் வெட்டி எங்களைப் படிக்கவைத்தார். இரண்டு பொம்பளைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டவர்களுக்கு அம்மா பதில் சொன்னதே இல்லை. அந்தப் பிடிவாதம் அக்காவுக்கு அப்படியே வந்தது. எனக்கு வாய் மட்டும் வந்தது.

தோட்டம் கைமாறியபோது, பெரிய கால்வாய் ஓரத்துத் தாழ்நிலத்தில் எல்லாருக்கும் சின்னச் சின்ன வீடு கிடைத்தது. நிலப்பட்டா மட்டும் வரவில்லை. அதை எங்கள் பக்கம் கெரான் என்பார்கள். கெரான் வரும் வரும் என்று காத்திருந்த காலத்தில், ஒரு கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வெள்ளம் வந்தது. வெளியே வர இருந்த ஒரே சாலையும் முழுகிப்போனது. அக்காவும் நானும் ஐப்போவிலிருந்து புறப்பட்டும் உள்ளே போக முடியவில்லை. அம்மாவைப் படகில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் ஊரே கழுவித் துடைத்துப் பழையபடி ஆனது. அடுத்த பண்டிகைக்கு எல்லா வீட்டுக்கும் புதுச் சாயம் ஏறியது.

சில வருஷங்கள் கழித்து அந்தக் கால்வாயை அகலப்படுத்தும் வேலை அக்காவின் மேசைக்கே வந்தது. மழை, வயல்வெளி, கால்வாயில் மண்டியிருந்த புல் எல்லாவற்றையும் அக்கா கணக்கில் சேர்த்தார். கடல் ஏறும் நேரத்தில், உப்புநீர் கால்வாய்க்குள் வராதபடி முகத்துவாரத்துக் கதவை மூடிவிடுவார்கள். அப்போது மழையும் கொட்டினால், குழாயைத் திறந்துவிட்டு சிங்க்கின் ஓட்டையை அடைத்த கதைதான். கணக்குப்படி அந்தக் கிறிஸ்துமஸ் வெள்ளத்தில் தண்ணீர் வீட்டுக்குள் இடுப்புவரை வந்திருக்க வேண்டும். ஊரில் விசாரித்தால் எல்லாரும் கணுக்கால் அளவு என்றார்கள். அம்மாவும் கணுக்கால் என்றார்.

காரணம் ரொம்ப நாள் தேடவேண்டியிருக்கவில்லை. வெள்ளம் ஏறும் நிலம் என்று எழுதிவிட்டால் கெரான் கிடைக்காது என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. குடியிருப்புத் தலைவர் சவரிமுத்து அண்ணன் வீடு வீடாகப் போய், யார் கேட்டாலும் கணுக்கால் என்றே சொல்லச் சொல்லியிருந்தார். அலுவலகத்தில், ஜனங்கள் சொன்னதற்கு ஒத்துவரும்படி மட்டத்தைக் குறைத்துவிடலாம் என்றார்கள். அது தப்பான யோசனையும் இல்லை. நடந்த வெள்ளத்தோடு ஒப்பிட்டுத்தான் கணக்கைத் திருத்துவார்கள். நடந்ததையே மறைத்தால் என்ன செய்வது? அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனார்.

சுவரெல்லாம் பளபளவென்று இருந்தது. அக்கா ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பெரிய இரும்பு அலமாரிக்கு முன்னால் போய் நின்றார். சாயம் அடிக்கும்போது நம் ஆட்கள் எதை நகர்த்தினாலும் இரும்பு அலமாரியை நகர்த்த மாட்டார்கள். சுற்றி வளைத்து அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அக்கா என்னிடம் ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னார். அம்மா குறுக்கே வந்தும் கேட்கவில்லை. நகர்த்திப் பார்த்தால் பழைய சாயத்தின் மேல், என் இடுப்புக்கும் மேலே, பழுப்பு நிறத்தில் நேராக ஒரு சேற்றுக்கோடு.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீ இத எழுதிட்டா கெரான் தரமாட்டாங்க. அப்புறம் நாங்க எங்க போறது?"

"கெரான் வந்து வீடு முழுகிட்டா என்னம்மா பண்ணுவ? அத தலையில வச்சுக்கிட்டு தண்ணியில நிப்பியா?" என்றார் அக்கா.

அம்மா மூன்று வாரம் அக்காவிடம் பேசவில்லை. அக்கா அசரவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்தார். இந்து வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். "நீங்க சொன்ன அளவுக்குக் கரை கட்டினா, அடுத்த வெள்ளத்துல கரையே முழுகிடும். அப்ப ஊரு உலகமே பார்க்கும், கெரான் கொடுக்கிறவங்களும் பார்ப்பாங்க. கரை சரியான மட்டத்துல நின்னாத்தான் இது வெள்ள நிலம் இல்லன்னு நான் போய் வாதாட முடியும். வாதாடுறேன். உங்க சுவரைக் காட்டுங்க."

முதலில் எழுந்தவர் சவரிமுத்து அண்ணன்தான். "என் வீட்டுல மாதா பீடத்துக்குப் பின்னால இருக்கு. வந்து பாரு தங்கச்சி," என்றார்.

அன்றைக்கு அந்த ஊரில் அலமாரிகள் நகர்ந்தன, கட்டில்கள் நகர்ந்தன, சாமி மேடைகளைக்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தூக்கிவைத்தார்கள். அக்கா மட்டக்கருவியோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். வீட்டுக்கு வீடு தரை உயரம் வேறு. ஆனால் கடல்மட்டத்தோடு சேர்த்துக் கணக்கிட்டபோது எல்லா வீட்டுக் கோடும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்றது. அக்கா போட்ட முதல் கணக்கோடும் ஒத்துப்போனது. அந்த மட்டத்துக்கும் மேலே கொஞ்சம் சேர்த்துத்தான் கரை எழும்பியது. சாலையும் கரைக்கு உள்ளே பத்திரமாக அடங்கியது. சொன்னபடியே அக்கா ஊர்க்காரர்களோடு நில அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். கெரான் ஒவ்வொன்றாக வந்தது. அம்மாவுக்கு வந்தது கடைசியில். அதற்கும் அக்காவைத்தான் திட்டினார்.

நோய் முற்றி அக்கா ஐப்போவில் மருத்துவமனையில் கிடந்த போன வருஷக் கடைசியில், அதேபோல் மழை பிடித்துக்கொண்டது. கடலும் ஏறியிருந்தது, கதவையும் மூடியிருந்தார்கள். காய்ச்சலில் படுத்திருந்த அம்மாவை உடனே கிளப்பிக் கொண்டுவரச் சொல்லிச் சொந்தங்கள் எல்லாரும் போனில் பதறினார்கள். டாக்டர் வேறு அதிக நாள் இல்லை என்று சொல்லியிருந்தார். சாலை முழுகினால் அம்மா வரவே முடியாது என்று நான் அழுதுவிட்டேன். அக்கா கண்ணைத் திறந்து, "காய்ச்சலோட அம்மாவ மழையில இழுக்காத. நாளைக்கு மழை விட்டதும் வரட்டும். ரோடு முழுகாது," என்றார். அந்த நிலைமையிலும் அவர் குரலில் சந்தேகம் இல்லை.

கால்வாய் கரைக்கு ஒரு முழம் கீழேவரை ஏறி, அங்கேயே நின்றது. மறுநாள் மதியம் சவரிமுத்து அண்ணன் தன் வேனிலேயே அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்தார். அம்மா உள்ளே வந்ததும் அக்கா முதலில் பார்த்தது அம்மாவின் முகத்தை அல்ல, காலை. செருப்பு நனையாமல் இருந்தது. அம்மா மகளின் தலையைத் தடவிக்கொண்டே பக்கத்தில் இருந்தார். அன்று சாயங்காலமே அக்கா இறைவனிடம் சேர்ந்தார்.

கடைசிவரை அக்காவைக் குழந்தைபோலப் பார்த்துக்கொண்ட அத்தானுக்கும், மருத்துவமனைத் தாதியருக்கும், நல்லடக்கத்துக்கு வந்து நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தங்கள் வீட்டுச் சுவரைக் காட்டிய ஊர்மக்களுக்குத் தனியாக ஒரு நன்றி உண்டு. நீங்கள் கணுக்கால் என்றே நின்றிருந்தால், அம்மா தன் மகளை உயிரோடு பார்த்திருக்க முடியாது.