கோழிக்குச் சொன்னது

ஜெயம்மாளுக்கு யாரையும் முகத்துக்கு நேராகத் திட்டிப் பழக்கமில்லை. அதற்காக அவளை நல்லவள் என்று நினைத்துவிட வேண்டாம். புருஷன் அருணகிரி மேல் ஆத்திரம் வந்தால் உலக்கை திட்டு வாங்கும். மகன் மேல் வந்தால் வாசல் புளியமரம் வாங்கும். ஐம்பத்தாறு வயதுக்குள் அவள் திட்டாமல் விட்டது ஆகாயத்தை மட்டும்தான். அதுவும் மழை கோபித்துக்கொண்டு போய்விடுமோ என்கிற பயத்தில்.

தை மாதம் ஆலங்காயத்திலிருந்து மருமகள் பிரியதர்ஷினி வந்தாள். அன்றோடு வீட்டுக் கோழிக்கு நிம்மதி போயிற்று.

“சோம்பேறி முண்டம், வெயிலு முதுகுல அடிக்கிற வரிக்கும் தூங்குது பாரு” என்று விடிந்ததிலிருந்து மேய்ந்துகொண்டிருந்த கோழியை விரட்டுவாள். அப்போதுதான் எழுந்து வந்த பிரியதர்ஷினி, “பாவம் அத்த, முட்ட வெக்கிற கோழி, தூங்கட்டும் வுடுங்க” என்பாள். ஜெயம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எருமை மேல் மழை பெய்த மாதிரி நிற்கிறாளே!

சித்திரையில் ஒருநாள், “வந்து இத்தினி மாசமாச்சு, ஒரு குஞ்சு பொரிக்கத் துப்பில்ல” என்றாள். கோழி தன் ஒன்பது குஞ்சுகளோடு குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. அத்தைக்குக் கண் மங்கிவிட்டது போலிருக்கிறது என்று பிரியதர்ஷினி உண்மையாகவே வருத்தப்பட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆலங்காயத்தில் அவள் அம்மா திட்டினால் ஆளைப் பார்த்துத் திட்டுவாள், கைக்குக் கிடைத்ததை விட்டெறிவாள். அந்த வீட்டில் கோழிக்குச் சொன்னது கோழிக்குத்தான்.

வீட்டு மூலையில் ஒரு பானை இருந்தது. அதில் ஆறு படி சிட்டன் சாமை. சாம்பல் கலந்து, வாயைச் சாணியால் மெழுகி வைத்த விதை. ஊரில் அந்தச் சாமை இரண்டே வீட்டில்தான் உண்டு, மாமனார் விட்டுப்போன விதை அது. மழை கொஞ்சமே பெய்தாலும் விளைந்துவிடும். அது போனால் அந்த வருஷம் சோறும் போச்சு. வைகாசியில் ஜெயம்மாள் கோழியை நிறுத்தி வைத்து எச்சரித்தாள். “இந்த மூலப் பானையில வாய வெச்சே, கழுத்தத் திருகிருவேன்.” ஓரக்கண் மருமகள் மேல் இருந்தது.

ஆனி முதல் வாரம் நல்ல மழை. அருணகிரி சரிவு நிலத்தை உழுது போட்டான். ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். செங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் மத்தியானம் ஜெயம்மாள் திரும்பி வந்தபோது தட்டில் சாமைப் பொங்கல் காத்திருந்தது. நெய் மணத்தது. பசி வேறு. இரண்டு வாய் போனபிறகுதான் உறைத்தது.

“சாமை ஏது?” என்றாள் புருஷனிடம். அவன் கூரையைப் பார்த்தான்.

“மூலப் பானையில இருந்துச்சு அத்த” என்றாள் பிரியதர்ஷினி, பெருமையாக. “கோழி வாய வெச்சுரும்னு பயந்துனே இருந்தீங்களே. மாமா நெலத்துக்குப் போனப்ப தொறந்து பாத்தா ஒரே சாம்பல். பொடச்சு சுத்தம் பண்ணி, ஜமுனாமரத்தூர் மில்லுல குடுத்து ஆறு படியும் அரச்சுட்டு வந்தேன்.”

தட்டு வாசலில் போய் விழுந்தது. ஜெயம்மாள் விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு கோழியைத் துரத்தினாள். “தலதலயா அடிச்சுனு சொன்னனே! வெதயத் தின்னுட்டியே பாவி!” கோழி கூரைமேல் பறந்து ஏறிவிட்டது.

“அது வெதம்மா” என்று அருணகிரி மருமகளிடம் மெதுவாகச் சொன்னான். பிரியதர்ஷினியின் முகம் வெளுத்தது. “எங்கிட்ட யாரும் சொல்லலியே மாமா.”

அந்த நிமிஷம் ஜெயம்மாள் அவளை மனசார வெறுத்தாள். அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் பஸ் ஏற்றினால் விதை முளைக்காது. இன்னொரு பானை ஓரகத்தி சின்னக்குழந்தை வீட்டில் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் காதுகுத்து விருந்தில் ஜெயம்மாள் இலையில் வெறும் எலும்பைப் போட்டவள் அவள். அதோடு பேச்சுவார்த்தை அற்றுப்போனது.

மறுநாள் காலை ஜெயம்மாள் போனாள். கூப்பிடாமலே மருமகள் காலிப் பானையோடு பின்னால் வந்தாள். சின்னக்குழந்தை வாசலில் புளி நசுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாய்.

“இன்னா நாயே, ஒங்க வூட்ல வெத மிச்சம் கீதா?” என்றாள் ஜெயம்மாள்.

சின்னக்குழந்தை தலை நிமிரவில்லை. “ஒம்போது வருசமா இந்தப் பக்கம் தல வெச்சுப் படுக்காதவங்களுக்கு இன்னிக்கு இன்னா வந்துச்சாம், கேளு” என்றாள் அதே நாயிடம்.

“எலும்பத் தின்னா தொண்டயில குத்திக்கும்னுதான் வர்ல, சொல்லு.”

“சில பேரு வாய்க்கு எலும்பே ஜாஸ்தின்னு சொல்லு.”

நாய் இரண்டு பக்கமும் வாலை ஆட்டிக் களைத்துப்போனது. வெயில் ஏறியது. உழுத நிலம் காய்ந்துகொண்டிருந்தது.

“சின்னத்த” என்று பிரியதர்ஷினி குறுக்கே வந்தாள். “வெதன்னு தெரியாம நான்தான் அரச்சுட்டேன். ஆறு படி குடுங்க. அறுத்ததும் நானே தூக்கினு வந்து குடுக்கறேன்.”

சின்னக்குழந்தை புளியை வைத்துவிட்டு எழுந்தாள். “இப்பிடிக் கேட்டா குடுக்கப்போறேன்” என்று உள்ளே போய் ஆறு படி அளந்துகொண்டு வந்து கொட்டினாள். ஜெயம்மாள் பக்கம் திரும்பவே இல்லை.

ஒன்பது வருஷத்துக் கோபத்தை ஒரு சின்னப் பெண் நாலு வார்த்தையில் தாண்டிவிட்டாள். ஜெயம்மாளுக்கு அவமானம் தாங்கவில்லை. திரும்பும் வழியில் திட்டுவதற்கு எதையாவது தேடினாள். கோழியில்லை, உலக்கையில்லை. பானையைச் சுமந்தபடி மருமகள் மட்டும்தான் இருந்தாள்.

“ஏண்டி, வெதைக்கும் தீனிக்கும் வித்தியாசம் தெரியாதவளே! கோழியப் பாத்து சொன்னா அது ஒனக்குன்னு தெரியாதா?”

பிரியதர்ஷினி நின்றுவிட்டாள். “எனக்கா அத்த? அப்ப சோம்பேறி முண்டம்னது?”

“ஒன்னத்தான்.”

“கழுத்தத் திருகிருவேன்னது?”

“ஒன்னத்தாண்டி!” சொல்லச் சொல்ல ஜெயம்மாளுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கி சுகமாக இருந்தது.

பிரியதர்ஷினி தலைமேல் இருந்த பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“குஞ்சு பொரிக்கத் துப்பில்லன்னது?”

ஆறு மாதமாக இவளுக்கு உறைக்கவில்லையே என்று கரித்துக்கொட்டியவள் ஜெயம்மாள். இப்போது உறைத்திருந்தது. அந்தக் கண்களை அவளால் பார்க்க முடியவில்லை.

“அது கோழியத்தான் சொன்னேன்” என்று சொல்லிவிட்டு, பானையைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.